ஊசி போட்டுக்கொண்டு தங்கைக்குப் பிரசவம் பார்த்தேன்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஆவணி மாதம், சென்னீர்குப்பத்தில் சின்னதாக ஒரு மண்டபம். என் தங்கைக்கு வளைகாப்பு. கை நிறைய வளையலும் கன்னம் நிறைய சந்தனமுமாக அவள் மணையில் உட்கார்ந்திருந்தாள். கலந்த சாதமெல்லாம் பரிமாறி, வந்தவர்களுக்குத் தாம்பூலமும் கொடுத்தாயிற்று. நல்ல நேரம் போவதற்குள் அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும் என்று அவளுடைய துணிப்பையைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் தங்கையின் மாமியார் சபை நடுவே வாயைத் திறந்தார்.

“பைய கீழ வைம்மா. பொண்ணு எங்க ஊட்லயே இருக்கட்டும். பிரசவம் நாங்களே பாத்துக்கறோம்.”

மண்டபத்தில் எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது நம் பக்கம் எழுதாத சட்டம். எங்களுக்கு அப்பா இல்லை. தங்கை ஒன்பதாவது படிக்கும்போது அம்மாவும் போய்விட்டார். அன்றிலிருந்து அவளுக்குத் தாய்வீடு என்றால் முகப்பேரில் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கும் எங்கள் ஃபிளாட்தான். ஜடை பின்னி பள்ளிக்கு அனுப்பியது முதல் மணையில் உட்கார வைத்தது வரை நானும் என் கணவரும்தான். பிரசவத்துக்கு மட்டும் நான் வேண்டாம் என்றால் எப்படி இருக்கும்?

ஏன் என்று கேட்டேன். அந்தம்மா ஒளிவுமறைவு இல்லாத ஆள். நேராகவே சொல்லிவிட்டார்.

“போன மழைக்கு நீ ஆஸ்பத்திரில படுத்துகினு கெடந்தப்போ இந்தப் பொண்ணுதான் வந்து உன்னப் பாத்துகிச்சு. இப்ப அது புள்ளையப் பாக்குமா, உன்னப் பாக்குமா?”

நான் பொதுவாக வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை. பால்காரர் முதல் பள்ளி முதல்வர் வரை என் வாய்க்குப் பயப்படுவார்கள். அன்றைக்கு வாயே வரவில்லை. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. அதுதான் அதிகமாக எரிந்தது.

எனக்கு முடக்குவாதம். டாக்டர்கள் பாஷையில் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். உடம்பைக் காவல் காக்க வேண்டிய சக்தி புத்தி கெட்டுப்போய் நம் மூட்டுகளையே தாக்கும் வியாதி. வாட்ச்மேன் வீட்டுக்காரரையே கம்பால் அடிக்கிற கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாட்ச்மேனை அடக்கி வைக்க வாரத்துக்கு ஒரு முறை ஒரு மாத்திரை, அது போக தினமும் காலையில் கொஞ்சம் ஸ்டீராய்டு. பல வருடமாக இதுதான் என் பிழைப்பு. வாட்ச்மேனை அடக்கி வைத்தால் திருடனுக்குக் கொண்டாட்டம்தானே? நான் ஒரு பள்ளியில் அலுவலக வேலை பார்க்கிறேன். அங்கே ஒரு பிள்ளை தும்மினால் போதும், எனக்கு நெஞ்சில் சளி கட்டிவிடும். அதற்கு முந்தைய மழைக்காலத்தில் அப்படி வந்த காய்ச்சல்தான் நிமோனியாவில் கொண்டுபோய் விட்டது. கல்யாணமான புதிதில் தங்கை தன் வீட்டை விட்டுவிட்டு வந்து எனக்குக் கஞ்சி கொடுத்தாள்.

மணையில் இருந்த என் தங்கைதான் அன்று சமாளித்தாள். அமைதியான பெண், ஆனால் அழுத்தமானவள்.

“அத்தை, ஒன்பதாம் மாசம் வரைக்கும் அக்கா படுக்காம இருந்தா அனுப்புவீங்களா?”

“படுக்காம இருந்தா நானே கொண்டாந்து வுடறேன்” என்றார் மாமியார். சபையில் சொன்னதால் அதுவே ஒப்பந்தம் ஆகிவிட்டது.

வளைகாப்புப் பெண் இல்லாமல் வெறும் கையோடு ஸ்கூட்டரில் திரும்பினோம். வானகரம் தாண்டும் வரை அழுதேன். அதற்குப் பிறகு கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். மறுநாளே கணவரையும் கூட்டிக்கொண்டு என் மூட்டு நோய் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். அம்பத்தூரில் கிளினிக். பெண் டாக்டர், என்னைவிட வயதில் சின்னவர், படபடவென்று பேசுவார். “மழை முடியற வரைக்கும் நான் படுக்கக் கூடாது டாக்டர், அதுக்கு என்ன செய்யணும்?” என்று கேட்டேன்.

அவர் என் ஃபைலைப் புரட்டிவிட்டு என்னையே திருப்பிக் கேட்டார். “போன வருஷமே ரெண்டு தடுப்பூசி எழுதிக் கொடுத்தேனே, போட்டீங்களா?”

போடவில்லை. ஏன் போடவில்லை என்பதற்கு எங்கள் எதிர் ஃபிளாட் அக்காதான் காரணம். நல்ல மனுஷி. ரசம் வைத்தால் எனக்கு ஒரு கிண்ணம் வரும். கூடவே அறிவுரையும் வரும். “உன் உடம்பே உன்னை அடிச்சுக்கிட்டு கிடக்கு. இதுல ஊசி வேறயா? வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்ட கதையாயிடும்” என்பார். மாடிப்படியில், வாட்ஸாப்பில், உறவுக்காரர் வீட்டு விசேஷத்தில், எங்கே பார்த்தாலும் இதே பாட்டு. நானும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு சீட்டை மடித்து பர்ஸில் வைத்துவிட்டேன்.

டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். பொறுமையாகச் சொன்னார். தடுப்பூசியில் இரண்டு வகை உண்டாம். செத்த கிருமியையோ கிருமியின் ஒரு துண்டையோ வைத்துச் செய்வது ஒரு வகை. வருடா வருடம் போடுகிற ஃப்ளூ ஊசியும் நிமோனியாவுக்கான ஊசியும் அந்த வகை. என்னைப் போன்றவர்கள் அதைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம், மற்றவர்களைவிட எங்களுக்குத்தான் அது அவசியமும்கூட. உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்வது இன்னொரு வகை. சின்னம்மை ஊசி, மூக்கில் விடுகிற ஃப்ளூ மருந்து எல்லாம் அதில் சேரும். இந்த மாத்திரைகளைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்வரை அது எனக்கு வேண்டாம். “எந்த ஊசியா இருந்தாலும் கையை நீட்டறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு ஃபோன் போடுங்க” என்றார்.

“ஊசி போட்டா வியாதி கிளம்பிடாதா டாக்டர்?”

“ஒரு நாள் ரெண்டு நாள் கை வலிக்கலாம், லேசா காய்ச்சல் வரலாம். நிமோனியா வந்தா உங்க வியாதி எப்படிக் கிளம்பும்னு நீங்களே போன வருஷம் பார்த்தீங்களே?”

வியாதி அப்போது கட்டுக்குள் இருந்ததால் இதுதான் சரியான நேரம் என்றார். ஃப்ளூ ஊசி உடம்பில் நன்றாகப் பிடிக்க வேண்டும் என்பதற்காக வார மாத்திரையை மட்டும் இரண்டு வாரம் நிறுத்தச் சொன்னார். இது என் உடம்பைப் பார்த்து எனக்குச் சொன்ன கணக்கு, வேறு யாருக்கும் சொல்லிவிடாதீர்கள் என்று எச்சரிக்கையும் செய்தார். வீட்டில் கூட இருப்பவர்களும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வது நல்லது, அவர்கள் கொண்டு வந்தால்தானே உங்களுக்கு வரும் என்றார். அங்கேயே எனக்கு தோளுக்கு ஒன்றாக இரண்டு ஊசி ஏறியது. என் கணவருக்கும் ஒன்று. ஊசியைப் பார்த்ததும் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்ட அழகை இங்கே எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இங்கே என் கணவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். எதையும் எடுத்த இடத்தில் வைக்கிற மனிதர். என் மாத்திரைகளும் அவர் பொறுப்புதான். காலை, மதியம், இரவு என்று அறை அறையாகப் பிரித்த டப்பாவில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நிரப்பி வைப்பார். என் விரல்கள் வீங்கும் நாட்களில் மாத்திரை அட்டையைப் பிதுக்குவது சிரமம் என்பதால் எடுத்துக்கொண்ட வேலை. அறையில் இருப்பதை எடுத்து வாயில் போட்டுக்கொள்வதோடு என் வேலை முடிந்தது.

அவர் குடும்பத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த மருந்து சாப்பிட்டாலும் பத்தியம். தலைவலி மாத்திரை போட்டால்கூட அன்றைக்குக் கத்திரிக்காய் கிடையாது, கருவாடு கிடையாது. மருந்துக்கு மருந்து சேரக்கூடாது என்பது அவர்கள் வீட்டுத் தாரக மந்திரம். நாட்டு மருந்து சாப்பிடும்போது இங்கிலீஷ் மருந்தை நிறுத்துவார்கள், இங்கிலீஷ் மருந்துக்கு நாட்டு மருந்தை நிறுத்துவார்கள். டாக்டர் பேசிக்கொண்டிருந்தபோது கம்பெனியிலிருந்து என் கணவருக்கு ஃபோன் வந்துகொண்டே இருந்தது. கட் செய்வதும் நிமிர்வதுமாக இருந்தவர் காதில் விழுந்தது, ‘ரெண்டு வாரம் மாத்திரையை நிறுத்துங்க’ என்பது மட்டும்தான்.

மறுநாள் காலை டப்பாவைத் திறந்தேன். துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

“என்னங்க, ஒண்ணுமே இல்ல?”

“டாக்டரம்மா நிறுத்தச் சொன்னாங்கல்ல? இவ்ளோ பெரிய ஊசி போட்டுகினு வந்திருக்க. மருந்தும் மருந்தும் அடிச்சுக்கும்மா.”

நான் காதால் கேட்டிருந்தேன், வார மாத்திரை மட்டும் என்று. ஆனாலும் அவர் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. எங்கள் வீட்டிலும் அதே வளர்ப்புதானே. பத்தியம் என்று ஒருவர் சொல்லிவிட்டால் தலையாட்டத்தான் தெரியும், எதிர்க்கேள்வி கேட்கத் தெரியாது. கம்பெனிக்குக் கிளம்பும் முன் அவர் எனக்காகக் கத்திரிக்காய் வாங்காமல் பீர்க்கங்காய் வாங்கி வைத்துவிட்டுப் போனார். அக்கறையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

முதல் இரண்டு நாள் தோள்வலியோடு போயிற்று. அப்புறம் உடம்பு ஏதோ மூட்டை கட்டி வைத்த மாதிரி கனத்தது. சோறு பிடிக்கவில்லை. வாந்தி வந்தது. ஊசியின் வேலை, சரியாகிவிடும் என்று நினைத்தேன். நாலைந்து நாள் கழித்து ஒரு காலை கட்டிலை விட்டு எழுந்தேன், சுவரெல்லாம் சுழன்றது. அப்படியே தரையில் சரிந்துவிட்டேன். சத்தம் கேட்டு எதிர் ஃபிளாட் அக்கா ஓடி வந்தார். தண்ணீர் தெளித்தார், காலைத் தேய்த்துவிட்டார். எல்லாம் செய்துகொண்டே, “நான் அப்பவே சொன்னேன், கேட்டியா?” என்றார். பயத்தில் என் கணவர் எல்லோருக்கும் ஃபோன் போட்டார். என் தங்கைக்கும் போட்டார்.

ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் தரையில் இருந்தது. அங்கே டியூட்டியில் இருந்தவர் என் டாக்டருக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “காலைல போடற மாத்திரை போட்டாங்களா?”

என் கணவர் டப்பாவைத் திறந்து, ஃபோனுக்குள் இருப்பவருக்குத் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினார். குரலில் அப்படி ஒரு பெருமை. “ஒண்ணுகூடத் தரல டாக்டர். நீங்க சொன்ன மாதிரியே சுத்தமா நிறுத்திட்டேன்.”

டாக்டர் மெதுவாகச் சொன்னார். நிறுத்தச் சொன்னது வாரத்துக்கு ஒன்று போடுவதை. வருடக்கணக்கில் தினமும் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது, உயிருக்கே ஆபத்து. ஊசி ஒன்றும் செய்யவில்லை. “சார், இது பத்தியம் இல்ல, விஷப் பரீட்சை” என்றார். என் கணவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ட்ரிப்ஸ் எனக்கு ஏற்றினார்கள், தேவை என்னவோ அவருக்குத்தான் அதிகமாக இருந்தது.

நிறுத்திய மருந்து உள்ளே போனதும் சாயந்திரத்துக்குள் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டேன். அடுத்த நாளே வீடு. ஆனால் செய்தி எனக்கு முன்னால் சென்னீர்குப்பம் போய்ச் சேர்ந்திருந்தது. தங்கை ஃபோனில் விசும்பினாள். “அத்தை முடிவே பண்ணிட்டாங்க அக்கா. நீ படுத்துட்டியாம். இனிமே பேச்சே இல்லங்கறாங்க.”

அவ்வளவுதானா? ஊசி போட்டு, அதற்காக இத்தனை பேரிடம் பேச்சு வாங்கி, கடைசியில் எங்கள் முட்டாள்தனத்தால் தோற்பதா? இரண்டு நாள் சாப்பிட்டுத் தூங்கி உடம்பைத் தேற்றிக்கொண்டு, கணவரை ஸ்கூட்டரை எடுக்கச் சொன்னேன். வேலப்பன்சாவடி சிக்னலில் நிற்கும்போது அவர் தயங்கித் தயங்கி, “நான் வெளியவே நிக்கறேன், நீ போய்ப் பேசு” என்றார். நான் விடவில்லை. “குற்றவாளி இல்லாம கேஸ் நடக்குமா? உள்ள வாங்க” என்று இழுத்துக்கொண்டு போனேன்.

மாமியார் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கீரை அப்படியே மடியில் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன் என்று நினைத்தாராம். நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். பத்தியத்தையும் சொன்னேன், பீர்க்கங்காயையும் சொன்னேன். என் கணவர் தலையைக் குனிந்தபடி, “தப்பு என்னுதுதாங்க” என்றார். அந்தம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னா தம்பி, மாத்திரைக்கே பத்தியமா? எங்க ஊட்டு ஆளுங்க தேவல போலகீதே.”

சிரித்துவிட்டார். ஆனால் சிரித்தாரே ஒழிய இறங்கவில்லை. காரணம் எதுவானாலும் படுத்தது படுத்ததுதான் என்றார். அப்போதுதான் எனக்கு என் வாய் திரும்பி வந்தது.

“அத்தை, மழை இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. போன வருஷம் என்னைப் படுக்க வெச்சது மழைக் காய்ச்சல். அது இந்த வருஷம் என்ன பண்ணுதுன்னு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. ஒன்பதாம் மாசம் வரைக்கும்னு நீங்கதான சபைல சொன்னீங்க? அது மட்டும் இல்ல. என் வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்கறவங்க எல்லாரும் ஃப்ளூ ஊசி போட்டிருக்கணும். நீங்களும்தான்.”

“யம்மாடி, என்னாண்டயே கண்டிசனா? எனக்கு இன்னா நோவு கீது, நான் ஊசி போட்டுக்க?”

“நோவு இல்லாதவங்கதான் அத்தை கொண்டுவந்து குடுக்கறது” என்று உள்ளேயிருந்து என் தங்கை குரல் கொடுத்தாள். அவளுக்கு மகப்பேறு டாக்டர் சொல்லி முன்பே ஊசி போட்டாகிவிட்டது. கர்ப்பிணி போட்டுக்கொண்டால் பிறக்கப்போகும் குழந்தைக்கும் கொஞ்ச காலத்துக்குப் பாதுகாப்பு உண்டாம். அதைச் சொன்னதும் மாமியார் முகத்தில் ஏதோ ஒரு யோசனை ஓடியது. சம்மதம் என்று வாயால் சொல்லவில்லை. கீரையை முறத்தில் கொட்டி, “மழ வரட்டும், பாக்கலாம்” என்று மட்டும் சொன்னார். எனக்கு அது போதும்.

மழை வந்தது. சும்மா வரவில்லை. ஐப்பசியில் எங்கள் தெரு முழங்கால் தண்ணீரில் நின்றது. பள்ளியில் ஒவ்வொரு வகுப்பிலும் பாதிப் பிள்ளைகள் இல்லை. அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலி காலி, எதிர் நாற்காலியும் காலி. எங்கள் பிளாக்கில் மாடிக்கு மாடி இருமல் சத்தம். ஊசியை வேலி ஓணான் என்று சொன்ன எதிர் ஃபிளாட் அக்காவே ஒரு வாரம் எழுந்திருக்கவில்லை. இந்த முறை ரசக் கிண்ணம் என் வீட்டிலிருந்து அங்கே போனது. மாஸ்க் போட்டுக்கொண்டு வாசலிலேயே வைத்துவிட்டு வந்தேன். அறிவுரை எதுவும் கூட அனுப்பவில்லை. அனுப்ப ஆசையாக இருந்தது, அடக்கிக்கொண்டேன்.

எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். தினமும் காலையில் கண் விழித்ததும் தொண்டை வலிக்கிறதா என்று எச்சிலை விழுங்கிப் பார்ப்பேன். ஊசி போட்டால் ஒன்றுமே வராது என்று டாக்டர் சொல்லவில்லை. வந்தாலும் ஆளைச் சாய்க்கிற அளவுக்குப் போகும் வாய்ப்பு குறையும் என்றுதான் சொல்லியிருந்தார். ஒரு நாள் மாலை மூக்கு ஒழுக ஆரம்பித்தது. உடம்பு லேசாகச் சுட்டது. என் கணவர் மாத்திரை டப்பாவை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, டாக்டருக்கு ஃபோன் போட்டு, அவர் சொன்னதை இந்த முறை காகிதத்தில் எழுதி, திருப்பிப் படித்தும் காட்டினார். தங்கையிடம் நான் மூச்சே விடவில்லை. கட்டிலில் படுத்தால் தோற்றுவிடுவேன் என்று வீம்பாக நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

சளி மூக்கோடு நின்றது. நெஞ்சுக்கு இறங்கவில்லை. மூன்றாம் நாள் நான் துணி துவைத்து மொட்டை மாடியில் காயப் போட்டேன். அந்த ஈரத் துணிகளுக்கு நடுவே நின்றுகொண்டு தனியாகச் சிரித்தேன் பாருங்கள், யாராவது பார்த்திருந்தால் இவளுக்கு வியாதி தலைக்கு ஏறிவிட்டது என்றிருப்பார்கள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு என் உடம்பு என் பேச்சைக் கேட்ட மாதிரி இருந்தது.

ஒன்பதாம் மாதம் பிறந்து ஒரு நல்ல நாள். காலிங்பெல் அடித்தது. கதவைத் திறந்தால் துணிப்பையோடு தங்கையின் மாமியார். மூன்று மாடி ஏறிய மூச்சு வாங்கல். பின்னால் வயிற்றைத் தாங்கியபடி என் தங்கை, அவளைப் பிடித்துக்கொண்டு அவள் கணவன். அந்தம்மா பையை என் கையில் திணித்தார்.

“இந்தா, கொண்டாந்து வுட்டுட்டேன். சொன்னா சொன்னதுதான். உன் பேச்சக் கேட்டு ஊசியும் போட்டுகினேன், தோளு ரெண்டு நாளா வலி உயிர் போவுது. ஒரு டீயாவது போடு.”

டீ போடப் போனவள் அடுப்பங்கரையில் நின்று நன்றாக அழுதுவிட்டுத்தான் பாலை வைத்தேன். அன்று அந்த வீட்டில் என்னைவிடப் பெரிய ராணி யாரும் இல்லை.

கார்த்திகையில், விடாமல் மழை பெய்த ஒரு பகலில் பெண் குழந்தை பிறந்தது. பத்திய சாப்பாடு, பிரசவ காய மருந்து, வெந்நீர் குளியல், சாம்பிராணி என்று எல்லாவற்றையும் நான் நின்று பார்த்தேன். என் விரல்கள் மடங்காத காலை நேரங்களில் என் கணவர் வெந்நீரைத் தூக்குவார், நான் பக்கத்தில் நின்று அதிகாரம் செய்வேன். பார்க்க வந்தவர்களிடம் வாசலிலேயே, “ஊசி போட்டாச்சா? இருமல் இருக்கா? கையைக் கழுவினீங்களா?” என்று விசாரணை நடக்கும். முறைத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. போகட்டும்.

ஒன்றரை மாதம் ஆனதும் குழந்தைக்கு முதல் சுற்றுத் தடுப்பூசி. அதில் வயிற்றுப்போக்குக்கான சொட்டு மருந்தும் உண்டு. அது உயிருள்ள கிருமி வகை. குழந்தைக்கு அது கட்டாயம் தேவை, ஒரு பயமும் இல்லை. ஆனால் கொஞ்ச நாளைக்கு அது குழந்தையின் மலத்தில் வெளியேறும் என்பதால், என் மாதிரி மருந்து சாப்பிடுகிறவர்கள் அழுக்குத் துணியைத் தொடாமல் இருப்பது நல்லது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பச்சை உடம்புக்காரியைத் துவைக்கச் சொல்ல முடியுமா? நான் யோசிப்பதற்குள் என் கணவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டார். தன் கைக்குட்டையைக்கூடத் துவைத்தறியாத மனிதர், குழந்தைத் துணியை அலசி, வெந்நீரில் போட்டெடுத்து, கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, கொடியில் வரிசையாக ஸ்டோர் ரூம் சரக்கு மாதிரி காயப் போட்டார். பேத்தியைப் பார்க்க வந்த மாமியார் அந்தக் காட்சியைப் பார்த்து வாசற்படியிலேயே நின்றுவிட்டார். திரும்பிப் போகும்போது தன் மகனை மட்டும் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து சனி, ஞாயிறுகளில் துணி அலச எங்கள் மாப்பிள்ளையும் வர ஆரம்பித்தார்.

தை மாதம், மூன்று மாதம் நிறைவதற்குள் குழந்தையை அழைத்துப்போக வந்தார்கள். விளக்கேற்றிக் கும்பிட்டாயிற்று. பிள்ளை பெற்றவளின் அம்மா குழந்தையை எடுத்து மாமியார் கையில் கொடுக்க வேண்டும் என்பது முறை. அம்மா இல்லாத வீட்டில் அதை யார் செய்வது என்று எனக்கு ஒரு கூச்சம். தங்கையையே கொடுக்கச் சொல்லலாம் என்று நகர்ந்தேன். அந்தம்மா புடவை முந்தானையை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

“அது இல்ல, நீ குடு. நீதானே சம்பந்தி?”

குழந்தையை எடுத்தேன். என் கோணல் விரல்கள் அன்று கொஞ்சமும் அடம்பிடிக்கவில்லை. முந்தானையில் குழந்தையை வைத்தபோது என் தங்கை குனிந்து என் காலைத் தொட்டாள், அம்மா காலைத் தொடுகிற மாதிரி.

இப்போதெல்லாம் டாக்டர் முன்னால் உட்கார்ந்தால், எந்த ஊசி, எந்த மாத்திரை, எதை நிறுத்தணும், எதை நிறுத்தவே கூடாது என்று வெட்கப்படாமல் வாய்விட்டுக் கேட்கிறேன், அவர் சொல்வதைத் திருப்பிச் சொல்லிக் காட்டுகிறேன். அப்படிக் கேட்கக் கற்றுக்கொண்ட அந்த ஒரு மழைக்காலத்தால்தான் அம்மா இல்லாத என் தங்கைக்கு இன்றும் உரிமையோடு வந்து இறங்க ஒரு தாய்வீடு இருக்கிறது.